பல டெலிடைப்புகள், ஒரே கணினி: லைன் கோளாறுகளை அறிகுறி வழியே பிடிப்பது

ஒரே ஒரு டெலிடைப்பை, அதாவது விசைப்பலகையும் தாளில் அச்சிடும் பகுதியும் கொண்ட முனையத்தை, கணினியோடு இணைத்துப் பேச வைப்பது பெரிய காரியம் இல்லை. எட்டு, பதினாறு, அறுபத்து நான்கு என்று லைன்கள் பெருகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆனால் பழுது பார்ப்பவருக்கு அதுவே வசதியும்கூட. ஒரு லைன் கெட்டால் பக்கத்திலேயே நல்ல லைன் ஒன்று இருக்கிறது. அதைவிடச் சிறந்த சோதனைக் கருவி கிடையாது. எனவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது ஒரு லைனில் மட்டுமா, எல்லா லைன்களிலுமா? அதற்குப் பதில் தெரியாமல் மூடியைக் கழற்றுபவர்கள் நாள் முழுவதும் கழற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நான் மனத்தில் வைத்து எழுதுவது 1963-இல் வெளிவந்த டெலிடைப் மாடல் 33-ஐயும், அது பெருமளவில் இணைக்கப்பட்ட கணினிகளையும்: டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-10, பிடிபி-11, ஐபிஎம் சிஸ்டம்/360 ஆகியவை. பிடிபி-10-இல் டிசி-10 என்ற கருவி எட்டெட்டு லைன்களாகச் சேர்த்து 64 வரை தாங்கியது. பிடிபி-11-இல் ஒரு லைனுக்கு டிஎல்-11, எட்டு லைன்களுக்கு டிஇசட்-11. ஐபிஎம்மில் 2702, 2703 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகள். டார்ட்மவுத் கல்லூரியில் 1964 மே 1 அன்று விடியற்காலையில் பேசிக் மொழி முதன்முதலாக ஓடியபோது, டெலிடைப் லைன்கள் பெரிய கணினியைத் தொடவே இல்லை. முன்னால் நின்ற டேட்டாநெட்-30 என்ற சிறிய கணினி எல்லா லைன்களையும் வாங்கிக்கொண்டது. பெயர்கள் மாறினாலும் கோளாறுகளின் குணம் ஒன்றுதான்.

சில எண்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 110 பாட், அதாவது வினாடிக்கு 110 பிட். ஒரு எழுத்துக்கு ஒரு தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், இரண்டு நிறுத்த பிட், ஆக 11. ஒரு பிட்டுக்கு 9.09 மில்லிவினாடி. ஒரு எழுத்துக்குச் சரியாக 100 மில்லிவினாடி. வினாடிக்குப் பத்து எழுத்து. லைனில் ஓட வேண்டிய மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். பாதிக் கோளாறுகளைக் கருவியே இல்லாமல் இந்த எண்களை வைத்துத் தீர்த்துவிடலாம்.

தொடுவதற்கு முன்

மாடல் 33-இன் பின்புற இணைப்புப் பட்டையில் 1, 2 எண் முனைகள் வீட்டு மின்சாரம். அதற்கு அடுத்த 3, 4 விசைப்பலகையிலிருந்து கணினிக்குப் போகும் சுற்று. 6, 7 கணினியிலிருந்து வருவது. மின்சாரமும் சமிக்ஞையும் ஒரே பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மின்செருகியைப் பிடுங்காமல் அங்கே விரலையோ மல்டிமீட்டர் முனையையோ கொண்டுபோகாதீர்கள். பழைய தந்திச் சுற்றுகளில் நூறு வோல்ட்டுக்கு மேலும் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, முன்பக்கக் குமிழை ‘லோக்கல்’ நிலையில் வைத்துத் தட்டுங்கள். இயந்திரம் தனக்குத்தானே சரியாக அச்சிட்டால் விசைப்பலகையும் அச்சுப் பகுதியும் பெரும்பாலும் நலம். கோளாறு லைனிலோ கணினிப் பக்கத்திலோ இருக்கிறது. லோக்கலிலேயே தப்பாக அச்சிட்டால் கணினியைக் குறை சொல்லாதீர்கள். எண்ணெய், தூசி, தேய்ந்த பாகம் என்று இயந்திரத்தையே பாருங்கள். குறிப்பாக அச்சுச் சுத்தியலின் நுனியில் உள்ள ரப்பர். காலப்போக்கில் அது பிசினாக உருகிவிடும். அப்படியே ஓட்டினால் உலோகம் எழுத்துருளையை நேரடியாக அடித்துப் பாழாக்கும். அந்த உருளைக்கு மாற்று கிடைப்பது அரிது.

மூன்றாவது, இடம் மாற்றுதல். சந்தேகப்படும் டெலிடைப்பின் செருகியை நன்றாக ஓடும் பக்கத்து லைனில் செருகுங்கள். கோளாறு இயந்திரத்தோடு கூடவே போனால் இயந்திரமோ கேபிளோ காரணம். பழைய இடத்திலேயே தங்கினால் கணினியின் அந்த லைன் அட்டை காரணம். ஆனால் இரண்டு லைன்களும் ஒரே வேகம், ஒரே சுற்று வகை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மாற்றுங்கள்.

யாரும் தட்டாமலே இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது

எதுவும் அச்சாகவில்லை, ஆனால் உள்ளே எல்லாம் சுழல்கிறது. இது கணினியிலிருந்து வரும் சுற்று அறுந்திருப்பதன் அடையாளம். டெலிடைப் மொழியில் மின்னோட்டம் ஓடுவது ‘மார்க்’, ஓடாதது ‘ஸ்பேஸ்’. லைன் சும்மா இருக்கும்போது மார்க் நிலையில், அதாவது 20 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் இயந்திரம் அதைத் தொடக்க பிட் என்று எடுத்துக்கொள்கிறது. நின்றபடியே இருந்தால் முடிவே இல்லாமல் எழுத்துக்குப் பின் எழுத்தாக வாங்குவதாக நினைத்துச் சுழல்கிறது.

எல்லா டெலிடைப்புகளும் ஒரே நேரத்தில் கடகடத்தால் லைன் கருவியின் மின்வழங்கியைப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் 6, 7 முனைகளில் தொடங்கிக் கம்பியைப் பின்தொடருங்கள். மல்டிமீட்டரைச் சுற்றின் குறுக்கே அல்ல, தொடராக இணைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும்.

விசைப்பலகைச் சுற்று அறுந்தால் டெலிடைப் அமைதியாக இருக்கும், தொல்லை கணினிக்குத்தான். முழுவதும் அறுந்த கம்பி ஓரளவு பரவாயில்லை. ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் கம்பி கணினிக்குள் குப்பை எழுத்துகளைக் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கீடு, அதாவது கணினி கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். ஒரு கெட்ட லைன் மற்ற எல்லோருடைய வேகத்தையும் தின்றுவிடும். இங்கே ‘எல்லா லைன்களிலும் கோளாறு’ என்று தோன்றினாலும் காரணம் ஒன்றே ஒன்று. லைன்களை ஒவ்வொன்றாக மென்பொருளில் முடக்கிப் பாருங்கள். எதை முடக்கியதும் கணினி மூச்சு விடுகிறதோ அதுதான் குற்றவாளி. டெலிடைப் செருகப்படாத உள்ளீடுகளை எப்போதும் மார்க் நிலையிலேயே கட்டி வையுங்கள்.

சத்தமே இல்லை, கணினி பதிலும் இல்லை

குமிழ் ‘லைன்’ நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து கேட்க வேண்டியது: இந்தச் சுற்றுக்கு மின்னோட்டத்தை யார் தருகிறார்கள்? ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு மூலம் இருக்க வேண்டும். டிஜிட்டல் நிறுவனத்தின் வழக்கப்படி கணினிப் பக்கம் மின்னோட்டம் தரும், டெலிடைப் வெறும் தொடுமுனையாக இருக்கும். இரு பக்கமும் தராவிட்டால் சுற்றே இல்லை. இரு பக்கமும் தந்தால் ஒன்றையொன்று எதிர்க்கும் அல்லது அளவுக்கு மீறி ஓடும். இரண்டு கணினிகளை லைன் வழியாக நேருக்கு நேர் இணைப்பவர்கள் இதில்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். துருவம் மாறியிருந்தாலும் இதே அமைதிதான். இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு காரணம், இயந்திரம் 60 மில்லிஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருப்பது. மாடல் 33 பல இடங்களில் அப்படித்தான் வந்து சேரும். அதை 20-க்கு மாற்ற இரண்டு வேலை. உள்ளே இருக்கும் பெரிய மின்தடையில் நீலக் கம்பியை 750 ஓம் முனையிலிருந்து 1450 ஓம் முனைக்கு மாற்ற வேண்டும். இணைப்புப் பட்டையில் ஊதா நிறக் கம்பியை 8-இலிருந்து 9-க்கு மாற்ற வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிட்டால் இயந்திரம் பாதி நேரம் ஓடும், பாதி நேரம் ஓடாது. அது முழுவதும் ஓடாததைவிட மோசம்.

ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை விழுகிறது, அல்லது தட்டினால் ஒன்றுமே விழவில்லை

ஆர்-யு-என் என்று தட்டினால் தாளில் ஆர்-ஆர்-யு-யு-என்-என். டெலிடைப் ஒரு முறை அச்சிடுகிறது. கணினி அதே எழுத்தைத் திருப்பி அனுப்பி இன்னொரு முறை அச்சிட வைக்கிறது. இயந்திரம் அரை இருவழி முறையில், அதாவது தட்டியதைத் தானே அச்சிடும்படி, கட்டப்பட்டிருக்கிறது; கணினியோ முழு இருவழி, திருப்பி அனுப்புவது தன் வேலை என்று நம்புகிறது. இயந்திரத்தை மாற்றுவதே நல்லது: பழுப்பு-மஞ்சள் கம்பியையும் வெள்ளை-நீலக் கம்பியையும் 3, 4 முனைகளிலிருந்து கழற்றி இரண்டையும் 5-இல் இணையுங்கள்.

எதிர்ப்பக்கம், தட்டினால் தாளில் ஒன்றும் வரவில்லை. உடனே விசைப்பலகையைச் சந்தேகிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். விடை அச்சாகி வந்தால் இரண்டு திசையும் நலம். கணினி எழுத்துகளைத் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான். கணினி எழுத்துகளைத் திருப்பி அனுப்பும் முறையை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம் இதுதான்: தாளில் விழும் ஒவ்வொரு எழுத்தும் போகும் வழி, வரும் வழி இரண்டையும் கடந்து வந்த சான்று.

எல்லா எழுத்தும் குழம்பி வருகிறது

இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குழப்பம் பல வகை; வகை தெரிந்தால் காரணமும் தெரியும்.

ஒரே சாவியைப் பத்து முறை தட்டுங்கள். பத்து முறையும் வெவ்வேறு குப்பை வந்தால் சத்தம், தளர்ந்த இணைப்பு, அழுக்கான தொடுமுனை. பத்து முறையும் ஒரே தப்பான எழுத்து வந்தால் வேகம், பாரிட்டி (பிழை காண எழுத்தோடு சேரும் எட்டாவது பிட்), பிட் வரிசை ஆகியவற்றுள் ஒன்று.

வேகத்தில் முதல் சந்தேகம் மோட்டார். மாடல் 33-இன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு சுழல்வது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. அமெரிக்க இயந்திரத்தை மின்மாற்றி வைத்து இங்கே ஓட்டினால் வோல்ட் சரியாகிவிடும், வேகம் சரியாகாது. 110 பாட் 91.7 ஆகக் குறையும். அதன் ஒரு பிட் 10.9 மில்லிவினாடி நீளும். கணினி ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. முதல் தரவு பிட் சரி. இரண்டாவது, மயிரிழையில் சரி. மூன்றாவது பிட்டைப் பார்க்க வேண்டிய 31.8-ஆவது மில்லிவினாடியில் இயந்திரம் இன்னும் இரண்டாவது பிட்டையே அனுப்பிக்கொண்டிருக்கும். அதிலிருந்து எல்லாம் தப்பு. கடைசி நிறுத்த பிட் வரை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் இரு பக்க வேகமும் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். இங்கே வித்தியாசம் பதினாறுக்கு மேல். தீர்வு 50 ஹெர்ட்ஸுக்கான பல்சக்கரத் தொகுதி. லோக்கலில் இந்த இயந்திரம் அழகாக அச்சிடும் என்பதைக் கவனியுங்கள். தன் வேகத்தில் தானே அனுப்பித் தானே வாங்குவதால் அதற்குக் குறை தெரியாது.

இரண்டாவது சந்தேகம், லைன் வேறு வகை முனையத்துக்கு அமைக்கப்பட்டிருப்பது. ஐபிஎம் 2741 முனையம் 134.5 பாட்டில் வேறு குறிமுறையில் பேசியது. பழைய ஐந்து பிட் டெலிடைப்புகள் இன்னும் மெதுவானவை. 2702-இல் வேகம் லைனுக்கு லைன் வன்பொருளிலேயே நிர்ணயிக்கப்பட்டது. இடம் மாற்றிச் சோதிப்பவர் இதை மறந்தால் நல்ல இயந்திரத்தையும் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவார்.

அடுத்தது பாரிட்டி. இதன் கைரேகை தனியானது: சில எழுத்துகளைக் கணினி ஏற்கும், சிலவற்றை அடியோடு மறுக்கும். ஏ, பி, டி, ஜி சரியாகப் போகின்றன. சி, இ, எஃப் போகவில்லை என்றால் வேறெதையும் தேட வேண்டாம். ஆஸ்கி என்ற எழுத்துக் குறிமுறையில் ஏ-க்கு இரண்டு ஒன்றுகள், ஆக்டலில் (எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில்) 101. ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் இரட்டைப் பாரிட்டி விசைப்பலகை எட்டாவது பிட்டைச் சுழியமாக விடும். சி-க்கு மூன்று ஒன்றுகள்; எட்டாவது பிட் ஒன்றாகி 103 என்பது 303 ஆகிவிடும். நிரல் 103-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கும். எட்டாவது பிட்டை எப்போதும் ஒன்றாகவே அனுப்பும் விசைப்பலகைகளும் உண்டு. அவற்றில் எல்லா எழுத்தும் மறுக்கப்படும். உள்ளே வரும் ஒவ்வொரு எழுத்தையும் ஆக்டல் 177-ஆல் மறைத்து ஏழு பிட்டாக்கினால் பிரச்சினை தீரும்.

பிட் வரிசை தலைகீழாக இருப்பது அரிது, ஆனால் ஐபிஎம் பக்கம் அது உண்மை. 2702 வழியாக வந்த டெலிடைப் எழுத்துகள் நினைவகத்தில் வலமிருந்து இடமாகத் திரும்பி உட்கார்ந்தன. மொழிமாற்றுப் பட்டியலும் அதற்கேற்பத் தலைகீழாகவே எழுதப்பட்டது. 1960-களின் கடைசியில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இன்டர்டேட்டா/3 என்ற சிறு கணினியைக் கொண்டு 2702-க்கு மாற்றுப் பெட்டி செய்தவர்கள் பிட்களை ‘சரியான’ வரிசையில் கொடுத்தார்கள், வந்ததெல்லாம் குப்பை. மாற்றுக் கருவி செய்பவர் மூலக் கருவியின் கோணல்களையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

மெதுவாக வந்தால் சரி, தொடர்ந்து வந்தால் தப்பு

கணினி ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினால் குறையில்லை. பக்கம் பக்கமாக அனுப்பினால் இடையிடையே உளறுகிறது. டெலிடைப்பிலிருந்து கணினிக்குப் போவதிலோ பிழையே இல்லை. அந்த லைன் ஒரே நிறுத்த பிட்டோடு அமைக்கப்பட்டிருக்கிறது. மாடல் 33 இரும்பால் ஆனது. ஒரு எழுத்தை முடித்து அதன் கிளட்ச் மீண்டும் பூட்டிக்கொள்ள இரண்டாவது நிறுத்த பிட்டின் நேரம் தேவை. டிஇசட்-11-இல் இதை லைனுக்கு லைன் மென்பொருளிலேயே மாற்றலாம்.

வரியின் முதல் எழுத்து தாளின் நடுவே விழுகிறது

அச்சுத் தலை வலக் கோடியிலிருந்து இடக் கோடிக்குத் திரும்ப ஒரு எழுத்தின் நேரம் போதாது. அது பறந்துகொண்டிருக்கும்போதே அடுத்த எழுத்து வந்தால் வழியிலேயே அடிபடும். நீண்ட வரிகளுக்குப் பிறகு மட்டும் வந்தால் ஐயமே வேண்டாம். முதலில் தலையைத் திருப்பும் குறி, அதன்பின் தாளை நகர்த்தும் குறி, அதன்பின் ஒன்றிரண்டு வெற்றுக் குறிகள் என்று அனுப்புங்கள். வரிசையை மாற்றாதீர்கள். அப்படியும் விழுந்தால் தலை இடப்பக்கம் மோதாமல் நிற்க வைக்கும் காற்று உருளையின் திருகைச் சற்றுச் சரிசெய்யுங்கள். 72 எழுத்துக்கு மேல் வரி போனால் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கறுத்துவிடும். வரியை உடைக்க வேண்டியது கணினியின் பொறுப்பு.

கூட்டம் அதிகமானால் எழுத்துகள் காணாமல் போகின்றன

ஒருவர் தட்டும்போது குறையில்லை. எல்லா லைன்களும் சேர்ந்தால் எழுத்து விழுங்கப்படுகிறது. டிஎல்-11 ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு அடுத்ததை வாங்கும். அதாவது கணினிக்கு நூறு மில்லிவினாடி அவகாசம். டிஇசட்-11 எட்டு லைன்களுக்கும் பொதுவாக 64 எழுத்துக் கிடங்கு ஒன்றை வைத்திருக்கிறது. எட்டுப் பேரும் எழுத்துகள் துளைகளாகப் பதிந்த காகித நாடாவை ஓட்டினால் வினாடிக்கு 80 எழுத்து, கிடங்கு 0.8 வினாடியில் நிரம்பிவிடும். மனிதர்கள் அவ்வளவு வேகமாகத் தட்டுவதில்லை, நாடா தட்டும். ஆகவே நாடாவோடு சோதிக்காத அமைப்பைச் சோதித்ததாகவே கொள்ள முடியாது. கணினியின் உள் தாங்கி, அதாவது வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடம், நிரம்பும் முன் கன்ட்ரோல்-எஸ் அனுப்பி நாடாவை நிறுத்துங்கள். கன்ட்ரோல்-கியூ அனுப்பினால் மீண்டும் ஓடும். நிறுத்தச் சொன்ன பிறகும் ஓரிரு எழுத்து வரும் என்பதால் தாங்கி முழுவதும் நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது.

இதே கிடங்கின் இன்னொரு விளைவு பலரைத் திகைக்க வைக்கும். தட்டினால் எதுவும் வருவதில்லை. பதினாறாவது எழுத்தைத் தட்டியதும் பதினாறும் சேர்ந்து கொட்டுகின்றன. டிஇசட்-11-இல் கிடங்கு எச்சரிக்கை என்ற வசதியை இயக்கினால் 16 எழுத்து சேர்ந்த பிறகே குறுக்கீடு வரும். கணினியின் சுமை குறையும். ஆனால் கடிகாரத் துடிப்பில் கிடங்கை அவ்வப்போது எட்டிப் பார்க்கவும் நிரலில் ஏற்பாடு வேண்டும்.

தாங்கியின் அளவைப் பற்றி இன்னொன்று. எம்ஐடியில் ஐபிஎம் கணினிக்கான சிபி-67 என்ற இயக்க மென்பொருள் இயங்கியபோது, நீண்ட வரியை அனுப்பும் ஒரு கருவிக்காக டெலிடைப் வரியின் உச்ச நீளம் உயர்த்தப்பட்டது. நீளத்தைக் கணக்கிட்ட இடத்தில் ஒரே ஒரு பைட். 255-க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. ஒரே நாளில் அமைப்பு 27 முறை விழுந்தது. வரி நீளத்தை மாற்றினால் அந்த எண்ணைத் தொடும் ஒவ்வொரு வரி நிரலையும் படித்தாக வேண்டும்.

யாரும் உட்காராத லைனில் யாரோ தட்டுகிறார்கள்

மூன்று காரணங்கள் உண்டு. நீண்ட கேபிளின் மறுமுனையில் எதுவும் இல்லை என்றால், கணினி அனுப்பும் சமிக்ஞை பக்கத்துக் கம்பியில் கசிந்து உள்ளே திரும்பும். கணினி பெயர் கேட்கும், தன் கேள்வியையே பதிலாகப் பெறும், தப்பு என்று சொல்லும், அதையும் பதிலாகப் பெறும். லைனை முடக்குங்கள் அல்லது உள்ளீட்டை மார்க்கில் கட்டுங்கள். இரண்டு கணினிகள் நேருக்கு நேர் இணைக்கப்பட்டு இரண்டும் எழுத்துகளைத் திருப்பி அனுப்பினாலும் இதேபோல் முடிவே இருக்காது. ஒரு பக்கம் நிறுத்தினால் போதும்.

மூன்றாவது, டெலிடைப்புக்குள் இருக்கும் விடைச்சுருள். கன்ட்ரோல்-இ வந்தால் ‘நீ யார்’ என்று கேட்பதாகப் பொருள். இயந்திரம் தன் அடையாளமாக இருபது எழுத்து வரை தானாகவே அனுப்பும். எழுத்துக் கோப்பு அல்லாத ஒன்றை யாராவது டெலிடைப்புக்கு அச்சிட்டால் நடுவில் அந்தக் குறி வரலாம். விடைச்சுருள் கொட்டும் எழுத்துகளைக் கணினி கட்டளையாக எடுத்துக்கொள்ளும். வெளியே போகும் குறிகளை வடிகட்டுங்கள்.

புதிதாக அழைத்தவர் முந்தையவரின் வேலைக்குள் விழுகிறார்

தொலைபேசி வழியே வரும் லைன்களில் இதைவிட ஆபத்தான அறிகுறி இல்லை. பெல் 103 வகை மோடம் வழியாக ஒருவர் அழைக்கிறார், வேலை நடுவில் இணைப்பு அறுகிறது. அடுத்தவர் அதே எண்ணை அழைத்ததும் பெயரோ கடவுச்சொல்லோ கேட்கப்படாமல் முந்தையவரின் கோப்புகள் அவர் முன் திறந்து கிடக்கின்றன. டெலிடைப்பை நேரடியாக இணைத்த சுற்றில் இரண்டு திசைக்கான கம்பிகள் மட்டும் போதும். மோடத்துக்கு அது போதாது. மறுமுனை இருக்கிறதா என்று சொல்லும் கேரியர் சமிக்ஞையும், இணைப்பைத் துண்டிக்கக் கணினி பயன்படுத்தும் சமிக்ஞையும் தேவை. பிடிபி-10-இன் டிசி-10 தொகுப்பில் இதற்கென்றே தனிக் கட்டுப்பாட்டுப் பகுதி இருந்தது.

சோதனை எளிது. தொலைபேசி வழியே உள்ளே நுழைந்து, விடைபெறாமல் ரிசீவரை வைத்துவிடுங்கள். கணினிப் பக்கத்தில் அந்த வேலை பிரிக்கப்பட்டோ மூடப்பட்டோ இருக்க வேண்டும். மோடமும் லைனை விட்டிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அந்த மோடம் லைன்களை ஒவ்வொன்றாக, கேபிளில் இந்த இரண்டு கம்பிகளும் உண்மையிலேயே இணைந்திருக்கின்றனவா, லைன் அமைப்பில் மோடம் கட்டுப்பாடு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சரியாகும்வரை அந்த எண்ணை யாருக்கும் தராதீர்கள்.